பஞ்சு வைத்த உறை

தையல்காரம்மாவின் வீட்டில் உடுப்பில்லாத பொருளே கிடையாது. மிக்சிக்கு உறை, ரேடியோவுக்கு உறை, டிவி ரிமோட்டுக்குப் பொத்தான் வைத்த உறை. "அரைமணி நேரம் அசையாம உட்கார்ந்தா எனக்கும் ஒண்ணு தைச்சிடுவா" என்று கணவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவார்.

காருக்குப் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துப்போகும் ட்ரெய்லர்தான் அவள் கடை. பதினோரு வருடம் தெருத்தெருவாகச் சுற்றியாயிற்று. மெஷினுக்குப் பக்கத்திலேயே பெட்ரோல் ஜெனரேட்டர் அலறும். கை நீளம், கழுத்து அகலம் எல்லாம் சாடையில்தான். அலைந்து அலைந்து முதுகும் போயிற்று, கத்திக் கத்தித் தொண்டையும் போயிற்று.

இந்த நேரத்தில்தான் ஆஸ்பத்திரி வேலை வந்தது. பின்முற்றத்தில் ஒரே இடத்தில் நின்றபடி நோயாளிகளின் அங்கிகளையும் திரைகளையும் தைக்க வேண்டும், வருடம் முழுக்க. நிர்வாகி அம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: வார்டு ஜன்னலுக்குக் கீழே சத்தமும் கூடாது, புகையும் கூடாது. திங்கட்கிழமை ஒருநாள் பார்ப்பார். சரிப்படவில்லை என்றால் வேறு ஆள். தையல்காரம்மாவுக்கு அந்த முற்றம் வேண்டும். வாய்விட்டுக் கேட்காத சாமியில்லை.

கொழுந்தன் கைகொடுத்தார். லாரி பேட்டரிக் கடைக்காரர். இருபது வருடமாக அவர் சட்டையில் ஆசிட் ஓட்டை விழும், அண்ணி ஒட்டுப்போடுவாள். ஞாயிற்றுக்கிழமை கூரையில் இரண்டு சோலார் பலகைகளை ஏற்றினார். கீழே லித்தியம் பேட்டரி. இரண்டுக்கும் நடுவில் சுவரில், பலகையின் மின்சாரத்தைப் பதமாக்கிப் பேட்டரிக்கு அனுப்பும் கைப்பை அளவுள்ள சார்ஜ் கன்ட்ரோலர்.

"ஆசிட்டும் இல்ல, தண்ணியும் ஊத்த வேணாம். இதெல்லாம் ஒரு பேட்டரியா அண்ணி?" என்று முகத்தைச் சுளித்தாலும் குறிப்புப் புத்தகத்தை மூன்று முறை படித்தார். ஃப்யூஸ் வைத்து முதலில் பேட்டரியை இணைத்தார். கன்ட்ரோலர் அதை அடையாளம் கண்டபிறகுதான் பலகையின் வயரைத் தொட்டார். பழைய பழக்கத்தில் அதன் திரையில் ஈயப் பேட்டரியைத் தேர்ந்தெடுக்கப் போன விரலை இழுத்துக்கொண்டு லித்தியத்தை அழுத்தினார். அவர் போனதும் அண்ணி சும்மா இருப்பாளா? புதுப் பெட்டியில் தூசி படியுமே! உள்ளே பஞ்சு வைத்து, ஓரத்தில் பூவேலை செய்து, எண் தெரிவதற்குக் கண்ணாடித்தாளில் ஜன்னலும் வெட்டி, ஓர் உறை தைத்து மாட்டிவிட்டாள்.

திங்கட்கிழமை காலை எல்லாம் ஜோராக நடந்தது. பத்து மணிக்குப் பேட்டரியில் முப்பத்தெட்டு சதவீதம். வெயில் ஏற ஏற அது கூடத்தானே வேண்டும்? இருபத்தொன்பது ஆயிற்று. பிறகு இருபது. உச்சிவெயில் மண்டையைப் பிளக்கிறது, பலகையிலிருந்து வருவதோ சொட்டுச் சொட்டாக. அவள் உடனே போனை எடுத்தாள். போன் போட்ட பத்தாவது நிமிடம் கொழுந்தன் வந்து நின்றார்.

கூரை ஏறிப் பலகையைத் துடைத்தார். வயர் முடுக்கினார். கண்ணாடித்தாள் ஜன்னல் வழியாகவே எண்ணைப் பார்த்துப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். இரண்டு பேருக்கும் உறை கண்ணிலேயே படவில்லை. அந்தக் குடும்பத்தில் உறை என்பது சுவரில் சுண்ணாம்பு மாதிரி.

"பதினாலு அண்ணி. இன்னும் கொஞ்ச நேரத்துல நின்னுடும். ஜெனரேட்டரைக் கொண்டு வரட்டுமா?"

"அதைக் கொண்டு வந்தா நான் வீட்டுக்குப் போக வேண்டியதுதான் தம்பி. செட்டிங்கை ஒருதடவை பாருங்க."

பொத்தானைத் தொட உறைக்குள் கையை விட்டவர், "ஐயோ!" என்று வெளியே இழுத்தார். பெட்டி கொதித்தது. ஒரு கணம் இருவரும் அந்தப் பூவேலையையே பார்த்தார்கள்.

"அண்ணி, இது பின்னாடி இருக்கிற தகடு வழியாத்தான் மூச்சு விடும். சூடு தாங்காம தானே கையைச் சுருக்கிக்கிச்சு. இந்த வெயில்ல நீங்க இதுக்கு ஸ்வெட்டர் போட்டு விட்டிருக்கீங்க!"

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. கத்தரியை எடுத்தாள், ராத்திரி தைத்ததை ஒரே வெட்டில் பிளந்தாள். இஸ்திரிப்பெட்டியை அணைத்துவிட்டு, விசிறியைச் சுவர்ப்பக்கம் திருப்பினாள். அறுபதில் கிடந்த பலகையின் வாட் மெல்ல நூறைத் தாண்டி, முந்நூறுக்கு ஏறியது. "இனிமே நம்ம கடையிலயும் இந்த பேட்டரிதான். என் சட்டைக்கு ஒட்டுப்போடற வேலையும் உங்களுக்கு இல்ல" என்று கொழுந்தன் பெருமையாகக் கிளம்பினார்.

மூன்று மணிக்கு நிர்வாகி அம்மா எட்டிப் பார்த்தார். "எப்பம்மா மெஷினைப் போடப் போறீங்க?"

தையல்காரம்மா ஓடிக்கொண்டிருந்த மெஷினின் மிதியிலிருந்து காலை எடுக்காமலே பக்கத்தில் மடித்து வைத்திருந்த இருபத்திரண்டு அங்கிகளைக் காட்டினாள். நிர்வாகி அம்மா மெஷினையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "வண்டியை இங்கேயே விட்டுட்டுப் போங்க. நாளைக்கு எதுக்கு மறுபடி இழுத்துட்டு வரணும்?" என்றார்.

அவர் போனதும் கிழிந்த உறையை மடித்து நாற்காலியில் முதுகுக்கு அண்டைகொடுத்தாள். கணவருக்குப் போன் போட்டாள்.

"சாயங்காலம் காரை எடுத்துட்டு வர வேணாங்க. நடந்தே வாங்க, சேர்ந்து வீட்டுக்குப் போவோம்."

"என்ன ஆச்சு உனக்கு?" என்றார் பதறிப்போய். "ஏன் கத்தாம பேசுறே?"