உதட்டில் ஓடிய ஆங்கிலம்

ஜப்பான்காரன் காலம். காஜா பேராங் பகுதியில் மரவள்ளிக்கிழங்குக்காகக் கால் கடுக்க வரிசையில் நின்றிருந்தேன். ஆங்கிலம் காதில் விழுந்தால் அடி விழும். நானோ பசியை மறக்க, ஆங்கில வினைச்சொற்களை இறந்தகாலத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தேன். தமிழில் நினைத்து, ஆங்கிலச் சொல்லைத் தேடி, அப்புறம்தான் அதற்கு வால் ஒட்டுவேன். உதடு அசையாமல் எனக்கு அது வராது.

காவலுக்கு நின்ற ஜப்பான் சிப்பாய் பார்த்துவிட்டான். "என்ன முணுமுணுப்பு?" என்று அரைகுறை மலாயில் அதட்டினான்.

முன்னால் நின்ற, முன்பின் தெரியாத செட்டி வீட்டு அம்மாள் திரும்பி மலாயிலேயே சொன்னார்: "சாமி பேரைச் சொல்றான், துவான். பிள்ளைக்குக் காய்ச்சல்."

எனக்குக் கல்யாணமே ஆகவில்லை.

அவன் நகர்ந்ததும், "பொய்னு தெரிஞ்சா என்னையும்ல இழுத்துட்டுப் போயிருப்பான்! வாயை மூடிட்டு நில்லு, தம்பி," என்றார். பிறகு மறுபடி முன்பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்றுவரை, என் தலைக்குள் நடப்பது என்னோடு போகும் என்றே நினைத்திருந்தேன்.