பூமயில் பிரான்மலை ஏறிய நாள்

பூமயிலுக்கு ஒரு குணம் உண்டு. யார் எதைச் சொன்னாலும் அதை அப்படியே நம்பிவிடுவாள். ஒரு சமயம் பட்டா நகல் கேட்டு ஓர் ஆபீசுக்குப் போனாள். பியூன், "நாளைக்கு வா" என்றார். மறுநாள் போனாள். மறுபடியும் "நாளைக்கு வா" என்றார். பதினோரு நாள் நாலு மைல் நடந்து போய், வாசல் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, "நாளைக்கு வரச் சொன்னீக, வந்துட்டேன்" என்றாள். பன்னிரண்டாம் நாள் பெரிய ஆபீசரே எழுந்து வந்து நகலைக் கையில் கொடுத்து, "நல்லா இரும்மா, இனிமே வந்துறாத" என்று கும்பிட்டார்.

அவளுக்கு வாய்த்த புருஷன் கூத்தையா. உழைப்பாளிதான், குடி கிடையாது, கை நீட்டுகிற ஆளும் இல்லை. வாய் மட்டும் கொஞ்சம் நீளம்.

திருவாடானைக்கு வடக்கே அவர்கள் ஊர். சுத்துப்பட்டு பூராவும் உள்ளங்கை மாதிரித் தட்டை. கண்மாய்க் கரைதான் அங்கே மேடு. அந்த ஊரில் மலை ஏறினவன் என்று பேர் வாங்கினவன் கூத்தையா ஒருத்தன்தான். பதினெட்டு வயதில் பிரான்மலை உச்சிக்கு ஒரு வெற்றிலை மென்று துப்புகிற நேரத்தில் ஏறினானாம். அங்கே நின்று பார்த்தால் ராமேசுவரம் கோபுரம் தெரியுமாம். கலசத்தைக்கூட எண்ணலாமாம். டீக்கடையில் வருஷத்துக்கு நாலு தடவையாவது இதைச் சொல்வான். கலசம் எத்தனை என்று யாரும் கேட்டதில்லை.

ஐம்பத்தேழாம் வருஷம் தை மாதம், அறுப்பு முடிந்த கையோடு, சிங்கம்புணரியில் பூமயிலின் அக்காள் பேரனுக்குக் காதுகுத்து வந்தது. புருஷனும் பெண்டாட்டியும் பஸ் ஏறிப் போனார்கள். விசேஷம் முடிந்த மறுநாள் காலை, பனி விலகுவதற்கு முன்பே பூமயில் குளித்து, தலை முடிந்து, புளிச்சோறு கட்டி வைத்துவிட்டு அவனை எழுப்பினாள்.

"எந்திரிங்க. பிரான்மலை இங்கன பக்கத்துலதானாம். கோபுரம் பாத்துட்டு வந்துருவோம்."

கூத்தையாவுக்குத் தூக்கம் ஒரேயடியாய்க் கலைந்தது. "பனியா இருக்கு புள்ள. இன்னைக்கு ஒண்ணும் தெரியாது."

"நாம ஏறுறதுக்குள்ள விலகிரும்."

"எனக்கு முழங்கால் வலி."

"வெத்திலை மெல்லுற நேரந்தான? வலி தெரியாது, வாங்க."

பேசினால் வளரும் என்று அவனுக்குத் தெரியும். கிளம்பினான்.

அடிவாரத்தில் நின்று நிமிர்ந்து பார்த்தபோது கூத்தையாவின் தலைப்பாகை பின்னால் விழுந்தது. அவன் மனசில் வைத்திருந்த மலை, கண்மாய்க் கரையை நாலாக அடுக்கின உயரம்தான். இதுவோ மேகத்துக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றது.

"வழி எந்தப் பக்கம்?" என்று பூமயில் கேட்டாள்.

"இந்தப் பக்கம்" என்று கம்பீரமாக நடந்தான். அந்தப் பாதை ஒரு வீட்டு ஆட்டுத்தொழுவத்தில் போய் முடிந்தது. தொழுவத்துக்காரி, மலை ஏறுகிறவர்கள் அந்தப் பக்கமாகப் போக வேண்டும் என்று கைகாட்டினாள். "அந்தக் காலத்துல இங்கனதான் பாதை இருந்துச்சு" என்றான் கூத்தையா. பூமயில் அதையும் நம்பினாள்.

சரியான பாதையில் ஒரு தம்பதி முன்னால் போய்க்கொண்டிருந்தார்கள். புதுமடத்திலிருந்து வந்த வாவு முகம்மது, அவர் மனைவி மஜீதா. மகன் கடலிலிருந்து பத்திரமாய்த் திரும்பினதற்கு உச்சியில் இருக்கிற தர்காவில் பாத்திஹா ஓத வந்திருந்தார்கள். வாவு முகம்மதுவும் கடலோடிதான். மலை அவருக்கும் புதுசு. நாலு பேரும் சேர்ந்து ஏறினார்கள்.

முதல் கால் மணியில் கூத்தையா பேசுவதை நிறுத்தினான். அரை மணியில் மூச்சு விசில் அடித்தது. பாதி வழியில் ஒரு பாறை மேல் கையை ஊன்றி நின்றபோது, மரத்திலிருந்து ஒரு குரங்கு இறங்கி வந்து அவன் தோளில் கிடந்த துண்டை உருவிக்கொண்டு போனது. கூத்தையாவுக்குக் கும்பிடப் போன சாமி எதிரே வந்த மாதிரி இருந்தது. பொத்தென்று உட்கார்ந்தான்.

"துண்டு இல்லாம உச்சிக்குப் போறது மரியாதையா இருக்காது. நீ போயிட்டு வா புள்ள. நான்தான் பாத்தவனாச்சே."

பூமயில் யோசித்தாள். நியாயமாகத்தான் பட்டது. சோற்றில் பாதியைப் பிரித்து அவனிடம் வைத்துவிட்டு, மஜீதாவின் கையைப் பிடித்துக்கொண்டு மேலே போனாள். நடவு வயலில் பகல் பூராவும் குனிந்து நிற்கிறவளுக்கு நிமிர்ந்து ஏறுகிற வேலை சுகமாகவே இருந்தது.

உச்சிக்கு வந்தபோது வெயில் நன்றாக ஏறியிருந்தது. காற்று சேலையைப் பிடுங்கியது. கீழே எத்தனையோ கண்மாய்கள், தரையில் சிந்தின ரசக்கண்ணாடித் துண்டுகள் மாதிரிப் பளபளத்தன. இவ்வளவு தண்ணீரா நம் சீமையில் இருக்கிறது என்று பூமயில் வாயில் கை வைத்தாள். பிறகு வந்த வேலை நினைவு வந்தது. தர்காவைப் பெருக்கிக்கொண்டிருந்த மதார் என்கிற பெரியவரிடம் போனாள்.

"பாய், ராமேசுவரம் கோபுரம் எந்தப் பக்கம் தெரியும்?"

மதார் விளக்குமாற்றை நிறுத்தினார். "ராமேசுவரமா? நான் முப்பது வருசமா இங்கன இருக்கேன் தாயி. தெரிஞ்சதில்லையே."

"எங்க வீட்டுக்காரர் பாத்திருக்காரு."

வாவு முகம்மது கண்ணுக்குக் கை வைத்துத் தென்கிழக்கே பார்த்தார். "கடல்ல நின்னா அந்தக் கோபுரம் எனக்கு நல்லாத் தெரியும் ஆத்தா. இங்கன இருந்து அது தொண்ணூறு மைலுக்குக் குறையாது. புகை மூட்டமால்ல இருக்கு."

"அப்ப மூட்டம் விலகட்டும்" என்று பூமயில் ஒரு பாறையில் தென்கிழக்கே முகம் வைத்து உட்கார்ந்தாள்.

பாத்திஹா முடிந்தது. மஜீதா ஓதின சர்க்கரை கொண்டுவந்து கொடுத்தாள், பூமயில் வாயில் போட்டுக்கொண்டாள். கூப்பிட்டுப் பார்த்தார்கள், "நீங்க போங்க, நான் பாத்துட்டு வாரேன்" என்றாள். பொழுது மேற்கே சாய்ந்தது. மதார் வந்து, "இருட்டுனா இறங்க முடியாது தாயி" என்றார். "இப்பத் தெரிஞ்சிரும் பாய்" என்றாள். வாவு முகம்மதுவுக்கு அவளைத் தனியே விட்டுப் போக மனசில்லை. பாதி வழி இறங்கிப் போய், சாப்பிட்டுத் தூங்கிக்கொண்டிருந்த கூத்தையாவைத் தட்டி எழுப்பினார்.

"உங்க வீட்டம்மா கோபுரம் தெரியாம இறங்க மாட்டேங்குது. நீங்க வந்து அது எங்கன இருக்குன்னு காட்டுங்க."

கூத்தையாவுக்கு ஆபீஸ் வேப்பமரத்தடியில் அவள் உட்கார்ந்த பதினோரு நாள் ஞாபகத்துக்கு வந்தது. எழுந்தான். மீதி மலையை நடந்து கொஞ்சம், தவழ்ந்து கொஞ்சம், வாவு முகம்மதுவின் இடுப்புவாரைப் பிடித்துக்கொண்டு கொஞ்சமாக ஏறி, உச்சியில் போய்க் குப்புற விழுந்தான். மஜீதா தண்ணீர் கொடுத்தாள். மூச்சு திரும்பினதும் பூமயில் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"புள்ள, இங்கன இருந்து ராமேசுவரம் தெரியாது."

"அன்னைக்குத் தெரிஞ்சுச்சுல்ல?"

"அன்னைக்கு நான் வரல. இதுக்கு முந்தி இந்த மலையைப் பார்த்ததே இல்ல."

பூமயில் அவனையே பார்த்தாள். எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டு, "இருட்டுறதுக்குள்ள இறங்குவோம்" என்றாள்.

இறங்குகிற வழியில்தான் கேள்வி ஆரம்பித்தது.

"தேவகோட்டைச் சந்தையில திருடனை ஒத்தையாப் பிடிச்சீகளே?"

"பிடிச்சது வேற ஆளு. நான் கூட்டத்துல நின்னேன்."

"பாம்பன் பாலத்துல ரயிலுக்கு முந்தி ஓடினது?"

"பாம்பனுக்கே போனதில்ல."

வாவு முகம்மது சிரிப்பை அடக்கிக்கொண்டு வேகமாக முன்னால் நடந்தார். இருபது வருஷக் கதைகளை ஒவ்வொன்றாக அவள் எடுத்தாள், ஒவ்வொன்றாக அவன் கீழே போட்டான். அடிவார விளக்குகள் தெரிகிற இடத்தில் பூமயில் நின்றாள்.

"பத்து ஏக்கர் சம்பந்தத்தை வேணாம்னுட்டு என்னையக் கட்டுனேன்னீகளே?"

கூத்தையாவும் நின்றான். விரல் விட்டு எண்ணிப் பார்த்தான்.

"ஆறு ஏக்கர்" என்றான். "மத்தது நெசம்."

பூமயில் வழுக்குப் பாறையில் அவனுக்குக் கை கொடுத்தாள்.

ஊருக்குத் திரும்பினதும் மிளகாய்க் கொல்லையில் களை எடுக்கிற இடத்தில் பூமயில் உள்ளதைச் சொன்னாள். கண்மாயெல்லாம் தெரிந்தது, கோபுரம் தெரியவில்லை. பக்கத்து வரப்புக்காரி ராக்கு உதட்டைப் பிதுக்கினாள். "உச்சிக்குப் போயிருந்தாத் தெரிஞ்சிருக்கும். நீ பாதியில திரும்பிட்ட, அக்கா." ஊரும் அதையே சொன்னது.

கூத்தையாவுக்கு இது பொறுக்கவில்லை. டீக்கடைக்குப் போய், தான் சொன்னதெல்லாம் பொய், பாதியில் உட்கார்ந்தவன் தான்தான் என்று எல்லார் முன்னாலும் சொன்னான். கடையில் இருந்தவர்கள் தலையை ஆட்டினார்கள். பெண்டாட்டிக்குக் கெட்ட பேர் வரக்கூடாதென்று பழியைத் தன் மேல் போட்டுக்கொள்கிறான், தங்கமான மனுஷன் என்று ஒரு டீ வாங்கிக் கொடுத்தார்கள்.

அடுத்த தையில் பூமயில் ராக்குவையும் இன்னும் மூன்று பெண்களையும் கூட்டிக்கொண்டு பிரான்மலைக்குப் போனாள். சோற்று மூட்டையைக் கூத்தையா சுமந்தான். பாதி வழிவரைக்கும் வந்து, மூட்டைக்குக் காவலாக உட்கார்ந்துகொண்டான்.

உச்சியில் ராக்கு நாலு திசையும் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடியும் பார்த்தாள். பிறகு பூமயில் பக்கம் திரும்பாமல், குடிக்கத் தண்ணீர் எங்கே கிடைக்கும் என்று மதாரிடம் கேட்டாள்.