காபி மூட்டைக்கு இடம் கேட்ட ஜெயராணி

எந்தச் சரக்கு எங்கே இருக்கிறது என்பது தனக்கு மட்டும் தெரிந்திருக்கும் வரைக்கும்தான் ஒருத்தன் கோடவுன் கீப்பர். எல்லோருக்கும் தெரிந்துவிட்டால் அவனும் அங்கே ஒரு மூட்டைதான். கோடவுன்களில் தூசி தின்று காலம் தள்ளும் சக பாவிகளே, உங்களுக்கு இது புரியும். நான் கொடைக்கானலில் ஒரு மொத்த வியாபாரக் கடையின் கோடவுனில் பதினோரு வருஷமாக இருக்கிறேன். பூண்டி கிராமத்திலிருந்து மலைப்பூண்டு வரும், ஆடலூரிலிருந்து காபிக்கொட்டையும் மிளகும் வரும். எது எங்கே கிடக்கிறது என்ற விவரமெல்லாம் என் தலைக்குள்.

பூண்டியிலேயே முதலாளி புதிதாக ஒரு கோடவுன் கட்டிக்கொண்டிருந்தார். அதற்கு இன்சார்ஜ் நான்தான் என்று நானே முடிவு செய்து மனைவியிடமும் சொல்லிவிட்டேன். அவள் சொந்தபந்தம் முழுக்கச் சொல்லிவிட்டாள். அந்தச் சமயம் பார்த்துத்தான் எனக்கு உதவிக்கென்று ஜெயராணியைச் சேர்த்தார்கள்.

சாக்பீஸ் கோடு

ஜெயராணி, தாத்தா காலத்தில் சிலோன் எஸ்டேட்டிலிருந்து வந்த குடும்பத்துப் பெண். வந்த மூன்றாம் நாளே தரை முழுக்க சாக்பீஸால் கட்டம் போட்டு நம்பர் எழுதினாள். ஈரம் ஏறாமல் மூட்டைக்கு அடியில் பலகை, சுவருக்கும் மூட்டைக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி, பழைய சரக்கு முன்னால், புதுசு பின்னால். இதையெல்லாம் நானும் செய்துகொண்டுதான் இருந்தேன், ஞாபகம் வந்த நாட்களில்.

எங்கள் பர்ச்சேஸ்காரர் பாஸ்கர் பூண்டியில் விலை பேசும்போது, "இன்னும் எத்தன மூட்டைக்கு எடம் இருக்குண்ணே?" என்று எனக்குத்தான் போன் போடுவார். "பாத்து வாங்குப்பா" என்பேன். அன்றைக்கு ஜெயராணி போனை எடுத்து, "இருபத்திரண்டு" என்றாள். சரியாக இருபத்திரண்டு மூட்டை மலைப்பூண்டு வந்தது. மத்தியானம் பனிமூட்டம் இறங்குமுன் எல்லாம் உள்ளே போய்விட்டது. லோடோடு வந்த பாஸ்கர் என் பக்கமே திரும்பவில்லை. "தங்கச்சி, நீ எடம் சொன்னா நான் கண்ண மூடிக்கிட்டு வெல பேசலாம் போலிருக்கே!"

அடிக்காத போன்

திண்டுக்கல்லில் ஒரு கல்யாணம். இரண்டு நாள் லீவு. முன்பெல்லாம் நான் கோயிலில் நின்றாலும் பத்து தடவை போன் வரும். "நான் இல்லேன்னா அங்க ஒரு சோலியும் நடக்காது" என்று நாலு பேர் காதில் விழும்படி அலுத்துக்கொள்வேன். அந்த அலுப்பில் இருக்கும் சுகமே தனி.

இந்தத் தடவை தாலி கட்டி முடிந்தும் போன் அடிக்கவில்லை. சிக்னல் இருக்கிறதா என்று மண்டபத்துக்கு வெளியே போய்ப் பார்த்தேன், முழுசாக இருந்தது. வயிறு எரிந்தது, உள்ளதைச் சொன்னால் என்ன? பொறுக்காமல் நானே பாஸ்கரைக் கூப்பிட்டு, ஆடலூர் மிளகு எங்கே இருக்கிறது என்று யாருக்காவது தெரியுமா என்றேன். "அத வெள்ளனே லோடு ஏத்தி அனுப்பியாச்சுண்ணே. நீங்க நிம்மதியா பந்தியில ஒக்காருங்க, இங்க ஒரு கொறையும் இல்ல."

மலைப்பூண்டுக்குப் பக்கத்தில்

காபிக்கொட்டை பக்கத்தில் இருக்கும் எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும். அதனால் வருஷாவருஷம் அதை முன் அறையில் தனியாக வைப்பேன். இந்த வருஷம் ஆடலூர் காபி வந்தபோது மலைப்பூண்டு வரிசையை ஒட்டி ஓர் இடம் காலியாக இருந்தது. "அண்ணே, காபிய இங்க அடுக்கலாமா? எனக்கு இதுல அவ்வளவா வெளங்காது" என்றாள் ஜெயராணி. வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "ஒனக்குத் தெரியாததாம்மா, அடுக்கு" என்றுவிட்டு டீ குடிக்கப் போனேன்.

அதற்கப்புறம் பத்து நாள் அந்த மூட்டைகளைக் கடக்கும்போதெல்லாம் சந்தோஷமாகவும் இருந்தது, கொஞ்சம் பயமாகவும் இருந்தது. பதினோராம் நாள், முந்தின நாள் அதில் ஒரு மூட்டை எடுத்துப்போன வத்தலக்குண்டு காபித்தூள் கடைக்காரர் முதலாளிக்குப் போன் போட்டார். முதலாளி ஸ்பீக்கரில் போட்டார். "ஒங்க கொட்டைய வறுத்து வீட்டுல காபி போட்டேங்க. வந்த விருந்தாளி, ரசம் நல்லாருக்கு, சோறு எங்கன்னு கேக்குறாரு!"

சளி

முதலாளி எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். "யாரக் கேட்டு அங்க வச்ச?" என்று ஜெயராணியிடம் பாய்ந்தார். அவள் அழுவதைப் பார்க்க நான் தயாராக நின்றேன். "அண்ணனக் கேட்டுத்தான் வச்சேங்க. அவருக்கு அன்னைக்குச் சளி புடிச்சு மூக்கடைச்சிருக்கும். இல்லாட்டி அண்ணன் விட்டிருப்பாரா?" என்றாள். குத்திக் காட்டுகிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை, நிஜமாகவே என்னைக் காப்பாற்றத்தான் பார்த்தாள். எனக்கு வெட்கமாகிவிட்டது. அந்த வெட்கத்திலும் பூண்டி வேலைதான் முதலில் ஞாபகத்துக்கு வந்தது.

"அப்படியா செல்வம்?" என்றார் முதலாளி. இல்லை என்றால், தெரிந்தே விட்டேன் என்றாகிவிடும். "ஆமாங்க, பத்து நாளா ஒரே சளி" என்று, நம்பட்டும் என்பதற்காக இரண்டு தடவை இருமியும் காட்டினேன். முதலாளி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "அப்ப பூண்டிக் குளிரு ஒனக்கு ஒத்துக்காதுப்பா. நீ இங்கயே இரு, புது கோடவுன ஜெயராணி பாத்துக்கிறட்டும்."

பதினோரு வருஷத்தில் நான் மெனக்கெட்டு ஒருத்தருக்குப் பதவி உயர்வு வாங்கிக் கொடுத்திருக்கிறேன் என்றால், அது ஜெயராணிக்கு மட்டும்தான்.