பேர் எழுதாத முளை

நேசம்மா அக்கா போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நல்ல மழை. வாசல் படலையடியில் தண்ணீர் சிவப்பாகக் கலங்கி ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பெரியகல்லாற்றிலிருந்து அவருடைய மகள் போனில் பேசினாள். "அம்மா விடியப் போயிற்றா மாமா. நித்திரையிலதான்." நான் ஓம், ஓம் என்றேன். அழுகை வரவில்லை. முதலில் வந்தது பயம். ஒரு விசயம் எங்கள் இருவருக்கு மட்டும் தெரிந்திருந்தது. இனி அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

அவரோடு வேலை செய்தவர்களும் அவருடைய வகுப்பில் மண்ணில் குந்தியிருந்தவர்களும் இதை வாசிப்பீர்கள் என்று நம்புகிறேன். சண்டைக் காலத்தில் வாவிக்கு அக்கரையான படுவான்கரையில் மண், நீர்ப் பாதுகாப்புப் பயிற்சி நடத்திய விவசாயப் போதனாசிரியை அவர். நான் அவருக்குத் துணையாக அனுப்பப்பட்டவன். குருக்கள்மடத்துத் துறையில் பாதைப் படகில் சைக்கிள்களை ஏற்றி வாவியைக் கடப்போம். மூன்று கம்பை 'ஏ' எழுத்துப் போலக் கட்டி, நடுவில் கயிற்றில் ஒரு கல்லைத் தொங்கவிட்ட சட்டம்தான் எங்கள் கருவி. அதைச் சரிவில் கால் மாற்றி மாற்றி நடத்திக்கொண்டு போனால் ஒரே மட்டமான கோடு கிடைக்கும். அந்தக் கோட்டில் மர முளை அடித்து, வாய்க்கால் போலக் கான் வெட்டி, வரம்பு போட்டால் மழை மண்ணை அள்ளிக்கொண்டு வாவிக்குள் ஓடாது. ஒருமுறை காவலில் நின்ற ஒருவன், இது செல் குண்டு அடிக்கக் குறி பார்க்கிற சாமானா என்று கேட்டுவிட்டான். அக்கா சட்டத்தை அவன் கையிலேயே கொடுத்தார். "நீங்களே நடத்திப் பாருங்க மனே. கல்லு நடுவுல நிக்குதா எண்டு சொல்லுங்க." அவன் நாலு எட்டு நடத்திப் பார்த்துச் சிரித்துவிட்டான்.

நாங்கள் வகுப்பு நடத்திய ஒரு மேட்டுக் கிராமத்தில் கணபதிப்பிள்ளை என்றொருவர் இருந்தார். சோளம் செய்கிறவர், வாய்க்காரர். முதல் நாளே எழும்பிக் கேட்டார்: "மனிசர்ர உசிருக்கே காவல் இல்லாத நேரத்தில மண்ணுக்கு என்னத்துக்கு மிஸ் காவல்?" எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். "சண்டை ஒரு நாளைக்கு நிக்கும். மழை நிக்குமா? அண்டைக்குச் சோளத்தை எங்க நடப் போறீங்க, வாவிக்குள்ளயா?" அதன் பிறகு கணபதிப்பிள்ளை ஒரு வகுப்பையும் விடவில்லை. பேர் கூப்பிடும்போது எழும்பி நின்று "இரிக்கன் மிஸ்" என்று ஊருக்கே கேட்கச் சொல்வார். அவரைப் பார்த்து மற்றவர்களும் அப்படியே பழகிக்கொண்டார்கள்.

எங்களுக்கு இருந்த பெரிய தலையிடி முளைகள்தான். இன்று அடித்தால் நாளை இருக்காது. ஒன்று அடுப்புக்குள் போகும், ஒன்றில் ஆடு கட்டியிருக்கும். திரும்பி வரும்போது பாதைப் படகில் வைத்து நான் சொன்னேன்: "அக்கா, முளையில அவங்கவங்கட பேரை எழுதிவிடுவம். தன்ட பேரை ஆர் அடுப்புக்குள்ள வைப்பான்?" அக்காவுக்கு அது பிடித்துப்போயிற்று. அடுத்த வகுப்பில் அவரே அறிவித்தார். நான் வெள்ளைப் பெயின்டால் ஒவ்வொரு முளையிலும் வடிவாக எழுதினேன். ஒரு முளை மிஞ்சியது. "எல்லாரிட பேரும் எழுதிட்டீங்க. உங்கட பேர் எங்க தம்பி?" என்றார் அக்கா. பிறகு எழுதுகிறேன் என்று சொல்லி அதைப் பைக்குள் போட்டேன்.

அந்தக் கிழமையே ஆமியின் சுற்றிவளைப்பு. நாங்கள் அங்கே இல்லை. வந்தவர்கள் கண்டது சரிவு நீளத்துக்கு அரைகுறையாக வெட்டிய ஒரு கான், அதன் ஓரத்தில் பேர் எழுதிய முளைகள். இயக்கத்துக்குப் பங்கர் வெட்ட ஆளுக்கு ஆள் பங்கு பிரித்திருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டார்கள். முளைகளைப் பிடுங்கிக் கட்டி எடுத்துக்கொண்டு, சனத்தையெல்லாம் பள்ளிக்கூட மைதானத்தில் இருத்தி, ஒவ்வொரு முளையாக எடுத்துப் பேர் வாசித்தார்களாம். எங்கள் ஆட்களுக்குத்தான் பழக்கமாயிற்றே! பேரைக் கேட்டதும் எழும்பி நின்றார்கள். முதலில் எழும்பியவர் கணபதிப்பிள்ளை. எழும்பியவர்களையெல்லாம் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மற்றவர்கள் அடிபட்டு உடைந்து, ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். அவர் மட்டும் வரவில்லை.

நாங்கள் போனபோது அவருடைய மனைவி சின்னத்தங்கம் எங்களை வழியிலேயே மறித்தார். "பேரெழுதச் சொன்ன ஆர்?" என்று கேட்டார். நான் குனிந்து சைக்கிள் செயினைப் பார்த்தேன். "தம்பி எழுதினவர். எழுதச் சொன்னது நான்தான் புள்ள" என்றார் அக்கா. சின்னத்தங்கம் குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளி அக்காவின் முகத்தில் எறிந்தார். அக்கா அதைத் துடைக்கவும் இல்லை. திரும்பும்போது படகில், உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று நான் வாயெடுத்தேன். "உங்களுக்குச் சின்னப் புள்ளைகள் இரிக்கி. நாளைக்கும் இஞ்ச வரவேணும். விடுங்க தம்பி" என்றார். எனக்கு நிம்மதியாக இருந்தது. வெட்கங்கெட்ட நிம்மதி.

அக்கா வகுப்புகளை நிறுத்தவில்லை. எந்த ஊரில் நடத்தினாலும் முதல் பேராகக் கணபதிப்பிள்ளையைக் கூப்பிடுவார். மறுமொழிக்காகக் காத்து நிற்பார். புதியவர்கள் யாரையோ தேடித் திரும்பிப் பார்ப்பார்கள். பிறகுதான் அடுத்த பேர். ஒருநாள் பொறுக்க முடியாமல் நான் எரிந்து விழுந்தேன். "அந்த மனிசன் வரமாட்டார் அக்கா!" அவர் பதறவில்லை. "வரமாட்டார் எண்டு உங்களுக்கு ஆர் சொன்ன?" என்று கேட்டுவிட்டுச் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு சரிவில் இறங்கினார். இன்றைக்கும் மழைத்தண்ணீர் சிவந்து ஓடினால் எனக்கு "இரிக்கன் மிஸ்" என்று கேட்கிறது. காதைப் பொத்திப் பார்த்தும் பலனில்லை.

செத்த வீட்டுக்குச் சின்னத்தங்கமும் வந்திருந்தார். தலை பஞ்சாக நரைத்துவிட்டது. பெட்டிக்குள் கிடந்த அக்காவின் முகத்தைச் சீலைத் தலைப்பால் மெல்லத் துடைத்தார். ஒன்றும் இல்லாத முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "பாவம் மிஸ். பேரெழுதச் சொன்ன குற்றத்தைக் கடைசிமட்டும் சுமந்துட்டா" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். நான் பக்கத்தில் கைகட்டிக்கொண்டு நின்றேன். அப்போதும் வாய் திறக்கவில்லை. இரண்டாம் தரமும் அக்காவையே மண் சுமக்க விட்டுவிட்டேன்.

போதும். அந்த யோசனை நேசம்மா அக்காவுடையது அல்ல, என்னுடையது. அவரை அறிந்த எல்லோரும் இதை அறிய வேண்டும். ஆனால் சின்னத்தங்கம் இதைக் கடதாசியில் வாசித்து அறியக் கூடாது. இது அச்சாகி வருமுன் நான் குருக்கள்மடத்துத் துறைக்குப் போய்ப் பாதைப் படகு ஏறியிருப்பேன். அக்காவின் நினைவாக என்னிடம் மிஞ்சியிருப்பது அன்று பைக்குள் போட்ட அந்த ஒற்றை முளைதான். நேற்று வெள்ளைப் பெயின்ட் வாங்கி வந்து அதில் என் பேரை எழுதினேன். காய்ந்துவிட்டது. அதைத்தான் சின்னத்தங்கத்தின் கையில் கொடுக்கப் போகிறேன்.