அரைமணி முந்திய கணினி

அக்காவின் வலது கைதான் முதலில் நினைவுக்கு வருகிறது. போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலக்காய்த் தோட்டத்தில் காய் உலர்த்தும் ஸ்டோருக்கு அவள் பொறுப்பாளர். அன்று அந்தக் கையை உலர் அறைக்குள் நீட்டி நீட்டிச் சூடு பார்த்துக்கொண்டிருந்தாள். வெப்பத்தைக் காட்டவேண்டிய கணினி, அப்டேட் ஆனதிலிருந்து வெப்பமானியை இணைக்கும் பழைய கார்டை அடையாளம் காணவே மறுத்தது. முந்தைய தடவை உலரவைத்த ஈடு கருகியிருந்தது. இன்னொன்று கருகினால் வேலை கிடையாது என்று முதலாளி சொல்லிவிட்டார். "தம்பி, இன்னைக்குச் சரியாயிருமா? இல்ல நான் துணிமணியக் கட்டவா?" என்றாள், சிரிக்காமல்.

நான் போடியில் கணினி பழுதுபார்ப்பவன். இயங்குதளத்தின் கருவான கெர்னலை, அந்தக் கார்டுக்கான நிரலையும் சேர்த்து, மூலப் பொதியிலிருந்து புதிதாகக் கட்டுவதே வழி. கட்டினேன், ஏதோ துணைப் பொதி இல்லையென்று நின்றது. செல்போன் இணையத்தைக் கொடுத்து அதை இறக்கி மறுபடி ஓடவிட்டேன். இம்முறை நிற்கவில்லை, அதைவிட மோசம், முதல் படிக்கே திரும்பத் திரும்ப வந்தது. கோப்புகளின் நேரம் எதிர்காலத்தில் இருக்கிறது என்று எச்சரிக்கை வேறு! எனக்கு மண்டை காய்ந்தது. முதலாளி கீழ் ஆபீசிலிருந்து கிளம்பிவிட்டார் என்று போன் வந்தது.

கணினியின் கடிகாரம் இப்போது சரியாகத்தான் இருந்தது. நான் சற்றுமுன் உருவாக்கிய கோப்புகள்தான் அரைமணி முந்தியிருந்தன. அப்போதுதான் உறைத்தது: கடிகாரமே முந்தி ஓடியிருக்கிறது; இணையம் வந்ததும் தன்னைத் திருத்திக்கொண்டிருக்கிறது. "எவன் இதத் தொட்டது?" என்று கத்தியேவிட்டேன்.

"நாந்தான்" என்றாள் அக்கா. "சாயங்காலம் வேலை முடியுற சைரன் இதுலதான ஓடுது? அது சரியான நேரத்துக்கு அடிச்சா, மஞ்சு மூடுனப்புறம்தான் காயெடுக்குற பொம்பளைக ஜீப்புல மலையெறங்கணும். வளைவுல டிரைவருக்கு ரோடே தெரியாது." சொல்லிக்கொண்டே, கடிகாரத்தை மறுபடி முன்னால் தள்ள மவுசை நோக்கிக் கையை நீட்டினாள்.

"வேணாங்க்கா! நேரம் மறுபடி கொழம்புனா மொதல்லேர்ந்து கட்டணும்!"

கையை இழுத்துக்கொண்டாள். கோப்புகளின் நேரத்தைத் திருத்தி ஓடவிட்டேன். வரிகள் நகர்ந்தன. வெளியே மூடுபனி இறங்க ஆரம்பித்தது. அக்கா விறுவிறுவென்று போய்ச் சைரன் சுவிட்சைத் தன் கையாலேயே அழுத்தினாள். முதலாளியின் வண்டி அப்போதுதானா வர வேண்டும்! அவர் வாட்சைப் பார்த்தார்.

"கம்ப்யூட்டர் கோளாறு சார்" என்று முந்திக்கொண்டேன்.

"அப்பக் கையோட அதையும் சரி பண்ணிரு."

அக்கா குறுக்கே வந்தாள். "கோளாறெல்லாம் இல்ல மொதலாளி. நாந்தான் கடிகாரத்த அரைமணி முன்னால தள்ளி வச்சேன்."

அவர் கத்தவில்லை. "நாளைக்கு வராத" என்றார், அவ்வளவுதான். பெண்கள் ஏறிய அதே ஜீப்பில் அக்காவும் போனாள். கொஞ்ச நேரத்தில் கெர்னல் கட்டி முடிந்தது. திரையில் வெப்பம் வந்தது. அந்த ஈட்டில் ஒரு காய்கூடக் கருகவில்லை.

இப்போதும் அங்கே பழுதுபார்க்கப் போகிறேன். முதலாளி சொன்னபடி, கடிகாரத்தை யாரும் மாற்ற முடியாமல் பூட்டியிருக்கிறேன். ஆனால் அரைமணி முன்பே பெண்கள் கூடைகளை இறக்கிவைத்துவிட்டு ஜீப்பில் ஏறிவிடுகிறார்கள். காயெடுக்க ஆள் கிடைக்காத காலம். முதலாளி வாட்சைப் பார்ப்பார், வாயைத் திறக்கமாட்டார். சைரன் சரியான நேரத்துக்குத்தான் அடிக்கிறது. அதைக் கேட்க அங்கே எவளும் இருப்பதில்லை.