டெவன் மண் எப்படி?

விமான நிலையத்தில் தன் ரக்ஸியில் ஏறிய பயணி இருக்கைப் பட்டியைப் பூட்டுவதற்கு முன்னரே, றெமிஜியஸ் கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்து எந்த ஊர் என்று கேட்டுவிடுவார். இங்கிலாந்து என்று சொன்னவர் அன்று தப்பமுடியாது. எந்தக் கவுண்டி என்கிற மாவட்டம், அதில் எந்தப் பக்கம், டெவன் ஆட்களைப் பழக்கமா என்று வீட்டு வாசல்வரை விசாரணை நடக்கும்.

முப்பது வருடமாக ரக்ஸி ஓட்டுகிற மனிதர், இங்கிலாந்து மண்ணை மிதித்ததில்லை. இருந்தும் டெவன் கவுண்டியைப் பற்றி அவர் குடியிருக்கும் வெக்ஸ்போர்ட்டில் அவரை மிஞ்ச ஆளில்லை. எல்லாம் மகள் ஷரோனால் வந்த வினை. டெவனில் பிறந்த பென் என்பவனைத்தான் கட்டுவேன் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள். வெள்ளைக்காரனா என்று மனைவி கிளடிஸ் மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தினாள். றெமிஜியசுக்கு அது பொருட்டில்லை.

"வெள்ளையோ கறுப்போ, ஊர் விசாரியாமல் பொம்பிளை குடுக்கேலாது. கலியாணம் ஆயிரங்காலத்துப் பயிர். மண்ணைப் பாக்க வேணுமெல்லே?"

டெவன்காரர் மந்தம் என்றார் ரக்ஸியில் ஏறிய நோர்ஃபோக் கிழவர் ஒருவர். "நல்லது. ஆறுதலான ஆக்கள்" என்று றெமிஜியஸ் வீட்டில் வந்து சொன்னார். பிறகு டெவனிலேயே பிறந்த ஒரு அம்மாள் அகப்பட்டாள். அங்கே எங்கும் செம்மண், ஒடுங்கிய ஒழுங்கைகள், எதிரே வாகனம் வந்தால் பின்னுக்குப் போய் வழிவிடுவோம் என்றாள். செம்மண் என்றதுமே, பிறந்த ஊர் ஞாபகம் வந்து மனிதர் பாதி சம்மதித்துவிட்டார். ஆனால் இறங்கும்போது அவள் ஒரு குண்டைப் போட்டாள். ஸ்கோன் என்கிற பணிஸ் ரொட்டியைப் பிளந்து டெவன்காரர் முதலில் கிறீமும் அதன்மேல் ஜாமும் பூசுவார்களாம். ஆற்றுக்கு அப்பால் கோர்ன்வால்காரர் மாறிச் செய்வார்களாம், அவர்களை நம்பக்கூடாதாம்.

அன்று பிடித்தது கோர்ன்வாலோடு பகை.

"கோர்ன்வால் உங்களுக்கு என்னப்பா செய்தது?" என்றாள் கிளடிஸ்.

"உது உனக்கு விளங்காது. ஆத்துக்கு அங்காலை சம்பந்தம் வேண்டாம்."

ஞாயிறு பூசை முடிந்து பென் முதன்முதலாக வீட்டுக்கு வந்தான். மேசையில் ஸ்கோன், ஜாம், கிறீம். சோதனை நடக்கிறது என்று ஷரோனுக்குத் தெரியும். வாய் திறந்தால் கலியாணமே இல்லை என்று அவர் வெருட்டியிருந்ததால் கதவு நிலையைப் பிடித்தபடி நின்றாள்.

பென் ஸ்கோனைப் பிளந்தான். ஜாமை எடுத்துப் பூசினான். அதன்மேல் கிறீமை வைத்தான். அம்மா கோர்ன்வால்காரி, அவர் பழக்கிய பழக்கம் என்று வெள்ளந்தியாகச் சிரித்தான்.

"அப்பா, ப்ளீஸ்..." என்றாள் ஷரோன். அவள் கண் நிரம்பிவிட்டது.

றெமிஜியஸ் மகளைப் பார்த்தார். ஆனாலும் ஊர் ஊர்தானே. அந்த ஸ்கோனை எடுத்து, தட்டில் அப்படியே கவிழ்த்து வைத்தார். கிறீம் கீழே போனது, ஜாம் அதற்கு மேலே வந்தது.

"சரி தம்பி, இனிச் சாப்பிடும்" என்று தட்டைப் பென்னின் பக்கம் தள்ளிவிட்டு, விரலில் ஒட்டிய கிறீமை நக்கினார்.