கடைசியாக வந்தவர்: 1970 ஜனவரி 1

இன்று திருநகரில் ஒரு முதியோர் இல்லத்துக்குப் போனேன். அவர்களுடைய பழைய பார்வையாளர் நோட்டுகளைக் கணினியில் ஏற்றி, சி (C) என்ற கணினி மொழியில் நான் எழுதிய புரோகிராமை அங்கே ஓட்டிக் காட்ட வேண்டியிருந்தது.

பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற காதர் பாய், தன் பெயரைத் தட்டச் சொன்னார்.

'கடைசியாக ஆள் வந்தது: 1970 ஜனவரி 1, காலை 5.30' என்று திரையில் வந்தது.

"அன்னைக்கு யாரு தம்பி வந்தா?" என்றார்.

தப்பு என்னுடையது. சி மொழியில் நேரம் என்பது 1970 தொடங்கியதிலிருந்து ஓடிய நொடிகளின் எண்ணிக்கை. யாருமே வராதவருக்கு அது பூஜ்யம். பூஜ்யத்தை நம்மூர் நேரத்துக்கு மாற்றினால் இந்தத் தேதிதான் வரும். தயங்கித் தயங்கி அதைச் சொன்னேன்.

திரையில் அந்தத் தேதியை விரலால் தொட்டார்.

"யாரும் வரலைன்னு மாத்திப்புடாதீக தம்பி. இது இருக்கட்டும். எவனோ வெள்ளன வந்து பாத்துட்டுப் போன மாதிரி இருக்குல்ல."

விளாங்குடியில் என் அறைக்கும் யாரும் வருவதில்லை. நான் அவசரமாகத் திரும்ப வேண்டிய வேலையும் இல்லை. அவரைப் பார்க்க வந்தவர் என்று என் பெயரை ஏற்றிவிட்டு, ஆறு மணி வரை அவரிடம் பஸ் கதை கேட்டுக்கொண்டிருந்தேன். கிளம்பும்போது, "எப்ப வருவீக?" என்றார். "ஞாயித்துக்கிழமை வாரேன் பாய்" என்றேன்.

அந்த இல்லத்தில் இன்னும் ஏழு பேருக்கு 1970தான் காட்டுகிறது. புரோகிராமில் இரண்டு வரி சேர்த்தால் சரியாகிவிடும். ஆனால் சேர்க்க மனம் வரவில்லை.

ஞாயிறு சாயங்காலம் என்னோடு அங்கே வர யாருக்கெல்லாம் நேரம் ஒழியும்?